இரண்டு இரும்புக்கு நடுவே ஒரு ஸ்பாஞ்சு

தம்பி, உன் காவடியைப் போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பிரித்தேன். வெல்வெட்டில் பால் வாடை அடிக்கிறது, துவைத்துப் போடலாம் என்றுதான் காரிடாரில் பழைய பேப்பரை விரித்து உட்கார்ந்தேன். மயிலிறகை எல்லாம் எடுத்தாயிற்று. இடுப்புப் பட்டைக்கு நான் தைத்துப் போட்ட ஊதா உறை இருக்கிறதே, அதன் தையலைப் பிரித்து உள்ளே இருந்த ஸ்பாஞ்சை உருவினேன். உருவிய கை அப்படியே நின்றுவிட்டது. விரல் தடிமனுக்கு நான் வைத்த ஸ்பாஞ்சு, இடது பக்கத்துக் கம்பி உட்கார்ந்த இடத்தில் மட்டும் அப்பளம் மாதிரி தட்டையாகிக் கிடந்தது. அப்பளம்கூட இல்லை, வெங்காயத் தோல். ஓரமெல்லாம் பிய்ந்து தூள் தூளாக என் மடியில் கொட்டியது. நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு மலாய்க்கார அம்மா கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். உங்கப்பா உள்ளே இருந்து, “என்னடி, பாம்பா?” என்றார்.

“பாம்பு லிஃப்டுல ஏறியா வரும்? இங்க வந்து பாருங்க!”

அவர் வந்து பார்த்தார். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கும் முழுசாகப் புரிந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அன்றைக்கு ஆரம்பித்த படபடப்பு இன்னும் அடங்கவில்லை. எனக்கு எழுத்து தெரியாது என்பது உனக்குத் தெரியும். நான் பேசப் பேச உங்கப்பா எழுதுகிறார். நடுவில் நிறுத்தி, “இதையும் எழுதணுமா?” என்று கேட்கிறார். எல்லாவற்றையும் எழுதுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். உனக்கு அனுப்பிய பிறகு, வருஷா வருஷம் காவடி கட்டுகிற வீடுகளில் யார் வேண்டுமானாலும் இதைப் படிக்கட்டும். அவர்கள் வீட்டிலும் என்னைப் போல ஊசியும் நூலுமாக ஒருத்தி உட்கார்ந்திருப்பாள்.

உன் கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்து, மூலையில் மஞ்சள் தடவி, ஊருக்கெல்லாம் கொடுத்தாகிவிட்டது. பாசிர் ரிஸில் இருக்கிற உன் அக்கா கலா வீட்டுக்கு மட்டும் போகவில்லை. அக்கா வரலாம், மச்சான் வரக்கூடாது என்று நீ சொல்லிவிட்டாய். அவர் வராத இடத்துக்கு நான் எப்படி வருவேன் என்று கலா சொல்லிவிட்டாள். நீ தாலி கட்டுகிற நேரத்தில் உன் பின்னால் உன் அக்கா நிற்கப் போவதில்லை. காரணம் கேட்டால், மச்சான் நட்டை ஒழுங்காக முறுக்கவில்லை, அதனால்தான் காவடி சாய்ந்தது என்கிறாய். அது அப்படி இல்லை தம்பி. அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

இந்தக் காவடி உங்கப்பாவுக்காக எடுத்தது. அவருக்கு நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்தபோது, ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்தபடி நீயாக வேண்டிக்கொண்டாய். அப்பா எழுந்து நடந்தால் தைப்பூசத்துக்கு அலகு காவடி எடுக்கிறேன் என்று. உங்கப்பா எழுந்து நடந்தார். நடந்ததோடு இல்லை, ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த வாரமே கீழே காப்பிக் கடைக்குப் போய் ரொட்டி பராட்டா தின்றுவிட்டு, நான் கேட்டபோது காற்று வாங்கப் போனேன் என்றார். மீசையில் சாம்பார் இருந்தது. இதை எழுத மாட்டேன் என்கிறார். எழுதுங்கள்.

காவடிச் சட்டத்தைக் கட்டிக் கொடுத்தது உன் மச்சான் செல்வம். பஸ் ஓட்டி முடித்து வந்து, யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் நம் கிளமெண்டி வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு கம்பியாக நிறுத்தினார். இடுப்பைச் சுற்றி ஓர் இரும்புப் பட்டை. அந்தப் பட்டையிலிருந்து நாலு கம்பி மேலே எழும்பி வளைவைத் தாங்கும். ஒவ்வொரு கம்பியின் காலும் பட்டையோடு ஒரு போல்ட்டு, ஒரு நட்டால் பிடித்திருக்கும். அவ்வளவுதான் அதன் ரகசியம். பார்க்கிறவர்களுக்கு மயிலும் வேலும்தான் தெரியும். உன் முதுகுக்கு மேல் ஆடுகிற அத்தனை பாரமும் அந்த நாலு நட்டில் நிற்கிறது. செல்வம் முறுக்கி முடித்ததும் நீ உள்ளே புகுந்து நின்று பார்த்தாய். குலுக்கினாய். ஒரு சத்தம் இல்லை. ஆனால் பட்டை இடுப்பெலும்பில் குத்துகிறது என்றாய். அவர் போன பிறகு சட்டையைத் தூக்கிக் காட்டினாய். சிவந்து போயிருந்தது. பெற்றவளால் அதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியுமா?

மறுநாளே தேக்கா கடைத்தெருவுக்குப் போனேன். துணிக்கடைக்காரர் ஸ்பாஞ்சை நீட்டி வைத்துக்கொண்டு, “என்னக்கா, பேரப்பிள்ளைக்கு மெத்தையா?” என்றார். மகனுக்கு, காவடிக்கு என்றேன். “மவனுக்கா? அப்ப இது பத்தாதுக்கா, அவரு சைசை நான் பாத்திருக்கேன்” என்றார். கடையில் இருந்த பெண்கள் எல்லாம் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஊதா வெல்வெட்டும் வாங்கினேன். அந்தப் பட்டையை முழுசாக உள்ளே விட்டுக்கொள்கிற மாதிரி, தலையணை உறை தைப்பது போல, சுற்றிலும் ஸ்பாஞ்சு வைத்துத் தைத்தேன். உள்பக்கமும் மெத்தென்று, வெளிப்பக்கமும் மெத்தென்று. போல்ட்டு போக ஓட்டை வேண்டுமே. ஆணியை அடுப்பில் காய்ச்சி வெல்வெட்டில் குத்தினேன். வீடு முழுக்கப் புகை. வலது பக்கம் வரும்போது ஸ்பாஞ்சு தீர்ந்துவிட்டது. அங்கே வெறும் துணியை மட்டும் மடித்துத் தைத்தேன். நீ வந்தாய். மச்சான் முறுக்கி வைத்திருந்த நாலு நட்டையும் நீயே கழற்றி, உறையைப் பட்டைக்குப் போட்டு, அதற்கு மேலே கம்பிகளை வைத்து மறுபடி முறுக்கினாய். பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினாய். கழுத்து நரம்பு புடைத்தது. “இதுக்கு மேல ஆண்டவனே வந்தாலும் திருப்ப முடியாதும்மா” என்று ஸ்பேனரைக் கீழே போட்டாய். நான் திருஷ்டி கழித்தேன்.

இதில் யார் என்ன தப்பு செய்தோம் சொல். எனக்கு அன்றைக்கு ஒன்றும் தெரியவில்லை. உனக்கும் தெரியவில்லை. தைப்பூசத்தன்று காலையில் புறப்படும் முன் செல்வம் ஸ்பேனர் வைத்து ஒவ்வொரு நட்டாகப் பார்த்தார். அவருக்கும் தெரியவில்லை. “கல்லு மாதிரி இருக்கு அத்தை. மெத்தை வேற போட்டிருக்கீங்க. மச்சினன் தூங்கிட்டே டேங்க் ரோடு கோயிலுக்குப் போயிடலாம்” என்று சிரித்தார். நீயும் சிரித்தாய். நீங்கள் இருவரும் சேர்ந்து சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி.

சிராங்கூன் ரோட்டில் ஒன்றும் ஆகவில்லை. மேளம் வந்த இடத்தில் எல்லாம் நீ ஆடினாய். நல்ல ஆட்டம். உங்கப்பாகூட நெஞ்சைப் பிடித்துக்கொண்டே தாளம் போட்டார். டோபி காட் பக்கம் வந்து திரும்புகிறபோது நட்டு போயிருக்கிறது. எங்கே விழுந்தது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. திடீரென்று உன் இடது பக்கத்துக் கம்பி பட்டையை விட்டு வெளியே வந்தது. வளைவு முழுவதும் இடது பக்கமாகச் சரிந்தது. அந்தப் பக்கத்தில் பால்குடம் தூக்கிய ஒரு பெண், தோளில் தூங்குகிற பிள்ளையோடு நடந்துகொண்டிருந்தாள். செல்வம் எங்கிருந்து பாய்ந்தார் என்று தெரியாது. சரிகிற வளைவுக்கும் சாலையோரத் தடுப்புக் கம்பிக்கும் நடுவே தன் வலது கையைக் கொடுத்தார். வளைவு அவர் கை மேல் வந்து நின்றது. அந்தப் பெண் திரும்பிப் பார்க்காமலே போய்விட்டாள். தன் தலைக்கு மேல் என்ன வந்தது என்று அவளுக்கு இன்றைக்கும் தெரியாது.

தொண்டர்கள் ஓடி வந்து உன்னைக் காவடியிலிருந்து இறக்கினார்கள். உனக்கு விலாவில் ஒரு கீறல். நீ நேராக அவரிடம் போனாய். அத்தனை பேர் முன்னால், மேளம்கூட நின்றுபோன அந்த இடத்தில், “முறுக்கத் தெரியாட்டி எதுக்குய்யா தொட்டே? கொலைகாரா!” என்றாய். அவர் கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு நின்றார். ஒரு வார்த்தை பேசவில்லை. நீ பயந்துபோய்க் கத்தினாய் என்று எனக்குத் தெரியும். அதைத்தான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பயத்தில் சொன்னான், பயத்தில் சொன்னான் என்று.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். நான் போட்ட சத்தத்துக்கு அப்புறம் உங்கப்பா கலாவுக்குப் போன் போட்டார். அவளுக்கு அன்று லீவு. ரயில் பட்டறையில் பெட்டிக்கு அடியில் படுத்து நட்டும் போல்ட்டும் பார்க்கிற வேலை அவளுக்கு. நம்முடைய உயிர் எல்லாம் தினம் அவள் முறுக்குகிற நட்டில்தான் கிளமெண்டியிலிருந்து கிளம்புகிறது. வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் அந்த ஸ்பாஞ்சைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு தரையில் சப்பென்று உட்கார்ந்தாள்.

“அம்மா, இது ரெண்டு இரும்புக்கும் நடுவுலயா இருந்துச்சு?”

“பட்டையைச் சுத்தித்தானே தைச்சேன். தம்பி போட்டுட்டு மேல முறுக்கினான்.”

“ஐயோ அம்மா.”

“ஏன்டி? முறுக்கத்தானே செஞ்சான்? மலை மாதிரி முறுக்கினான்!”

அவள் என்னைப் பார்த்துக் கேட்டாள். “ஒரு போல்ட்டு எதனால பிடிச்சுக்கிட்டு இருக்குன்னு நினைக்கிறே?”

“மரையால. அந்தச் சுத்துக் கோடுதானே நட்டைப் பிடிக்குது?”

“மரை சும்மா ஏணி மாதிரிம்மா. நட்டை முறுக்க முறுக்க போல்ட்டு துளியூண்டு நீளும். கண்ணுக்குத் தெரியாது. ரப்பர் பேண்டை இழுத்தா திரும்பச் சுருங்கப் பாக்கும்ல, அது மாதிரி இதுவும் சுருங்கப் பாக்கும். அந்த இழுப்புதான் ரெண்டு இரும்பையும் அமுக்கிப் பிடிக்குது. அந்த இழுப்பு இருக்கிற வரைக்கும் கம்பி நகராது. கம்பி நகராத வரைக்கும் நட்டும் சுத்தாது.”

“இரும்பு நீளுமா?” என்றார் உங்கப்பா. ஆளுக்கு வாய் பிளந்துவிட்டது. எனக்கும்தான். இத்தனை வருஷமாக இரும்பு என்றால் அசையாதது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பிடிவாதக்காரனை இரும்பு என்று திட்டுவோம். அது நீண்டு, இழுத்துப் பிடித்து, விடாமல் நிற்பதால்தான் நிற்கிறது என்றால் அது வேறு கதை.

“நீளும்பா. ஆனா நடுவுல ஸ்பாஞ்சு வச்சா என்னாகும்? நட்டு சுத்துற சுத்து எல்லாம் ஸ்பாஞ்சை நசுக்கறதுக்கே போயிடும். கைக்கு டைட்டாத்தான் இருக்கும், அதான் ஏமாத்துது. அப்புறம் ஸ்பாஞ்சு சும்மா இருக்குமா? பால் ஊத்துது, வேர்வை ஊத்துது, மெதுவா இன்னும் தணியும். ஒரு நூல் தணிஞ்சாலே போல்ட்டுல இருந்த இழுப்பெல்லாம் போச்சு. அதுக்கப்புறம் தம்பி ஆடுற ஆட்டத்துக்குக் கம்பி இப்படி அப்படி வழுக்கும். வழுக்க வழுக்க நட்டு துளித்துளியாத் திரும்பும். யாரும் கழட்ட வேணாம்மா. தானா கழண்டு போயிடும்.”

“நட்டு கழலாம இருக்கச் சுருள் வாஷர் போட்டிருந்தாரேடி மாப்பிள்ளை?” என்றேன்.

“அதை நம்பாத லா. முறுக்கினதும் அது தட்டையாயிடும். தட்டையான பிறகு அதுவும் ஒரு சாதா வாஷர்தான்.”

பிறகு அவள் வலது பக்கத்து நட்டைத் திருப்பிப் பார்த்தாள். நான் ஸ்பாஞ்சு தீர்ந்து போய் வெறும் துணி வைத்தேனே, அந்தப் பக்கம். அதுவும் தளர்ந்துதான் இருந்தது, ஆனால் கழன்றுவிடவில்லை. அது போதும் எனக்கு. அன்றைக்குக் கடையில் இன்னும் ஒரு முழம் வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தபோது எனக்குத் தலை சுற்றியது. உங்கப்பா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடிக்கும்போதுதான் அவர் மெதுவாகக் கேட்டார்.

“அப்ப மாப்பிள்ளை முறுக்கினது?”

“அவர் முறுக்கினது இரும்போட இரும்பா முறுக்கினதுப்பா. அதைத்தான் தம்பி கழட்டிட்டானே, உறை போட.”

டிவியில் யாரோ கல்யாணப் புடவைக்கு விளம்பரம் செய்துகொண்டிருந்தார்கள்.

படிக்கிறவர்களுக்காக இதையும் சொல்லிவிடுகிறேன். கலாவை நிறுத்தி வைத்து நான் கேட்டுக்கொண்டது. இரும்புக்கும் இரும்புக்கும் நடுவே துணி, ஸ்பாஞ்சு, ரப்பர் எதுவும் கூடாது. மெத்தை வேண்டும் என்றால் பட்டையின் உள்பக்கம், உடம்பு படுகிற பக்கம் மட்டும் ஒட்டுங்கள். வருஷா வருஷம் தங்கப் பெயிண்ட் அடித்துக்கொண்டே போகிறோமே, அதைப் போல்ட்டு உட்கார்கிற இடத்தில் சுரண்டி எடுத்துவிட வேண்டும். அவள் ஒரு காசை வைத்துச் சுரண்டினாள், கேக் மாதிரி அடுக்கடுக்காக வந்தது. அதுவும் நசுங்குமாம். நட்டுக்கு அடியில் கெட்டியான தட்டை வாஷர் வேண்டும். உள்ளே நைலான் வளையம் வைத்த நட்டு கிடைக்கிறது, அது மரையை இறுக்கிக்கொண்டு லேசில் திரும்பாது. ஆனால் ஒருமுறை கழற்றினால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு போடுங்கள். அதுவும் நட்டு கழன்று கீழே விழாமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். இழுப்பைத் தருவது முறுக்குதான். நான் துரு பிடிக்கக் கூடாது என்று ஒரு போல்ட்டுக்குத் தேங்காயெண்ணெய் தடவி ஒரு போல்ட்டை விட்டிருந்தேன். அதற்கும் திட்டு வாங்கினேன். எண்ணெய் பட்டது சுலபமாகத் திரும்பும், அதே கை பலத்துக்கு இழுப்பு அதிகமாகிவிடும். நாலும் ஒரே மாதிரி இருக்கிறது என்று கை நம்பிவிடும். கையை நம்பாதீர்கள். வேண்டிய அளவு வந்ததும் ‘டிக்’ என்று சொல்கிற ஸ்பேனர் இருக்கிறதாம், யாரிடமாவது இரவல் வாங்குங்கள். முறுக்கி முடித்ததும் அப்படியே கிளம்பிவிடாமல் கொஞ்சம் குலுக்கி, நடந்து பார்த்துவிட்டு மறுபடி பாருங்கள், புதுசாகச் சேர்ந்த இரும்பு உட்கார்ந்து கொஞ்சம் தளரும். கடைசியாக நட்டின் மேலிருந்து பட்டை வரைக்கும் பெயிண்டால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். கோடு உடைந்திருந்தால் நட்டு திரும்பியிருக்கிறது. கூட நடக்கிறவர்கள் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே வரலாம். இதைச் சொன்னபோது, “அன்னைக்கு ஒரு கோடு போட்டிருந்தா...” என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள்.

சரி. அந்த ஸ்பாஞ்சை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு அன்று சாயங்காலமே பாசிர் ரிஸுக்குக் கிளம்பினேன். கலா, “நான் வரலை, நீயே சொல்லு” என்று இங்கேயே இருந்துவிட்டாள். ரயிலில் போகும்போது எனக்குள் ஒரே ஒத்திகை. மாப்பிள்ளை, தம்பி சின்னப் பையன், மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள், அவன் உங்களை எப்போதும் பெருமையாகத்தான் பேசுவான் என்று. அப்போதுதான் யோசித்தேன். நீ எப்போது அவரைப் பெருமையாகப் பேசினாய்? கலா அவரைக் கட்டிக்கொள்கிறேன் என்றபோது, “ஒரு ஊர்க்காரனையா?” என்றாய். ஊரிலிருந்து வந்தவன் என்று அவரை அப்படித்தான் சொல்வாய். நான் அதை அவரிடம், தம்பிக்கு அக்காவைப் பிரிய மனசில்லை என்று மாற்றிச் சொன்னேன். அவர் ஒருமுறை, “உங்க மவனுக்குத் தன் தட்டைக்கூடக் கழுவத் தெரியாதா அத்தை?” என்று கேட்டார். நான் உன்னிடம், மச்சான் உன்னைப் பற்றி ரொம்ப விசாரித்தார் என்றேன். நீங்கள் இரண்டு பேரும் இத்தனை வருஷமாக நேருக்கு நேர் பேசியதே இல்லை தம்பி. நான் நடுவில் வைத்ததோடுதான் பேசியிருக்கிறீர்கள். பார்க்கிறவர்களுக்கு நல்ல குடும்பம். எனக்கே அப்படித்தான் தெரிந்தது.

கதவைத் திறந்தவர் செல்வம்தான். உட்காரச் சொன்னார். நான் உட்காராமலே பையைத் திறந்து நீட்டினேன்.

“இதைப் பாருங்க மாப்பிள்ளை. இதுனாலதான் நட்டு போச்சு. நீங்க இல்ல. நீங்க முறுக்கினது சரியாத்தான் இருந்துச்சு. நாங்கதான் கழட்டி இதை நடுவுல வச்சோம்.”

இடது கையால் வாங்கினார். ரொம்ப நேரம் அதையே பார்த்தார். நான் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் கண் நிறைந்துவிட்டது.

“நான்தான் சரியாப் பாக்கலைன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன் அத்தை. தினம். உக்காந்தா எழுந்தா அதே நினைப்பு. அன்னைக்கு நான் ஸ்பேனரை வச்சப்ப நட்டு லேசாக் கொடுத்துச்சோ, நான் அவசரத்துல கவனிக்கலையோன்னு. அவன் கத்தினப்ப நான் ஏன் வாயைத் திறக்கலைன்னு நினைச்சீங்க? அவன் சொன்னது உண்மைன்னு நம்பிட்டேன்.”

தம்பி, நான் பிள்ளை பெற்றிருக்கிறேன், உங்கப்பாவை நெஞ்சு திறந்து கிடக்கப் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு அந்த மனுஷன் வாயிலிருந்து வந்ததைக் கேட்டு ஆடிப்போன மாதிரி நான் எப்போதும் ஆடியதில்லை. நீ சொன்ன அந்த ஒரு சொல்லை அவர் வீட்டுக்குக் கொண்டுபோய், தன் சொந்தச் சொல்லாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். உடனே எனக்குப் பழைய புத்தி வந்தது. கையைக் கூப்பினேன்.

“தம்பிக்காக நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன் மாப்பிள்ளை. அவனும் ரொம்ப...”

“வேணாம் அத்தை.”

“அவனுக்கும் மனசு...”

“அத்தை. அவன் கத்தினது என்னைப் பாத்து. எம்மவ என் வேட்டியைப் பிடிச்சுக்கிட்டு நின்னா. ஆஸ்பத்திரியில வச்சுக் கேக்கறா, அப்பா, கொலைகாரன்னா என்னன்னு. என்ன சொல்றது நான்? நீங்க நல்லவங்க. உங்க மேல எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா இதுல நீங்க நடுவுல வராதீங்க.”

காப்பி போட்டுக் கொடுத்தார். ஒரே கையால். பால் டின்னைத் திறக்க முடியாமல் பல்லால் கடித்து இழுத்தார். நான் எழுந்தபோது உட்காருங்கள் என்றார். உட்கார்ந்தேன். அந்தக் காப்பியைக் குடித்து முடிப்பதற்குள் எனக்கு உயிர் போய் வந்தது.

ஆகவே, நான் இதுவரை உன்னிடம் மாற்றிச் சொன்னதை இப்போது உள்ளபடி சொல்கிறேன். மச்சானுக்கு எப்படி இருக்கிறது என்று நீ ஒருமுறை கேட்டாய். லேசான அடி, விரலில் வீக்கம், சரியாகிவிடும் என்றேன். அது பொய். இரண்டு விரலில் எலும்பு நொறுங்கி, ஆபரேஷன் செய்து, உள்ளே கம்பி வைத்திருக்கிறார்கள். கை முன்போல மடங்கும் என்று டாக்டர் உறுதி சொல்லவில்லை. மடங்காவிட்டால் அவரால் ஸ்டியரிங் பிடிக்க முடியாது. பஸ் ஓட்டுவது ஒன்றுதான் அவருக்கு இந்த ஊரில் பிடித்த காரியம் என்று உனக்குத் தெரியுமா? எனக்கும் தெரியாது. அன்றைக்குத்தான் சொன்னார். நீ அவரைப் பற்றி வருத்தப்படுவதாகவும் போன் செய்யப் போவதாகவும் அவரிடம் நான் சொல்லி வைத்திருந்தேன். அதுவும் பொய். அவர் போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு இருந்திருக்கிறார். உன் மேல் எனக்கு இருக்கிற பாசத்தால் நான் செய்த காரியம் இவ்வளவும். உன் இடுப்பில் ஒரு சிவப்பைப் பார்க்க முடியாமல் ஸ்பாஞ்சு வாங்கப் போனேன் பார், அதே பாசம்.

கல்யாணம் ஆகிற பிள்ளைக்கு அம்மா புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். எனக்குச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. நாளைக்கு உன் மனைவி என்னைப் பற்றி ஏதாவது சொன்னால், அதை இனிப்புத் தடவி என்னிடம் கொண்டு வராதே. நான் சொல்வதையும் அவளிடம் மாற்றிச் சொல்லாதே. நாங்கள் உரசிக்கொண்டால் உரசிக்கொள்கிறோம். ஒருத்தியை ஒருத்தி நேராகத் தெரிந்துகொண்டால் தாங்குவோம். உனக்கு மெத்தை வேண்டுமா, அவளுக்குக் கால் வலித்தால் பிடித்துவிடு, சமைத்துக் கொடு, அவள் தூங்கும்போது சத்தம் போடாதே. அது உடம்புப் பக்கம் வைக்கிற மெத்தை. அதை எவ்வளவு வேண்டுமானாலும் வை.

உங்கப்பா இங்கே பேனாவை நிறுத்திவிட்டு, “பையன் மனசு உடைஞ்சிடும். கடைசியில கொஞ்சம் தன்மையா முடிக்கட்டுமா?” என்கிறார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

மச்சான் வீட்டுப் பத்திரிகை இங்கே சாமி படத்துக்கு முன்னால் இருக்கிறது. நான் அதை எடுத்துக்கொண்டு போக மாட்டேன். உங்கப்பாவும் போக மாட்டார். கலாவிடமும் கொடுத்தனுப்ப மாட்டேன். நீ வந்து எடுத்துக்கொள். தஞ்சோங் பகாரில் ஆபீஸ் விட்டதும் இங்கே வந்துவிட்டு, அதே பச்சைக் கோட்டு ரயிலில் கடைசி வரைக்கும் போனால் பாசிர் ரிஸ். வண்டிகூட மாற வேண்டாம். அம்மா சொன்னாங்க என்று ஆரம்பிக்காதே. பயத்தில் கத்திவிட்டேன் என்றும் சொல்லாதே, அதை நான் சொல்லிச் சொல்லித் தேய்த்துவிட்டேன். கழற்றி முறுக்கினது நான் என்று சொல். அவர் மகள் அங்கே இருந்தால் அவள் காதிலும் விழும்படி சொல். அவர் உடனே சிரித்துவிட மாட்டார். திட்டலாம். கதவை மூடலாம். மூடினால் வெளியே நில். எனக்குப் போன் செய்யாதே.

உள்ளே விட்டால், அவர் வலது கை முழுக்கக் கட்டு. கல்யாணத்துக்குக் கூப்பிடப் போன இடத்தில் இடது கையைத் தொடுவதா என்று பார்க்காதே. இடது கையைப் பிடி.